1-10 என்றால் பத்து உள்ளேயா, வெளியேயா?

கேள்வி இது. நாலு பேர் சேர்ந்து ஒரு கான்ஃபிக் ஃபைல், அதாவது புரோகிராமுக்கான அமைப்புகள் இருக்கும் ஃபைல், எழுதுகிறார்கள். எண் இடைவெளியைக் குறிக்க ஒருவர் 1-10 என்று எழுதுகிறார், இன்னொருவர் 1..10 என்கிறார், கணிதம் படித்தவர் [1, 10) என்கிறார் (சதுர அடைப்பு இருக்கும் முனை உள்ளே, வளைந்த அடைப்பு இருக்கும் முனை வெளியே), நாலாமவருக்கு 1:10 பிடித்திருக்கிறது. இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட தரநிலை ஒன்றும் கிடையாதா, இல்லையென்றால் எதைப் பிடித்துக்கொள்வது?

கணிதத்துக்கு இருக்கிறது. கணினி உலகத்துக்கு மொத்தமாக ஒன்று கிடையாது, துறைக்கு ஒன்றாக நிறைய இருக்கிறது, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. உங்கள் நாலு பேரில் மூன்றாமவர் பக்கம்தான் நான் நிற்பேன். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இது எந்தக் குறி பார்க்க நன்றாக இருக்கிறது என்கிற விஷயம் இல்லை, இதில் பணம் போகும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பார்சல் நிறுவனத்துக்குக் கட்டணம் கணக்கிடும் புரோகிராம் எழுதிக்கொடுத்தோம். அவர்கள் தாளில் இருந்த பட்டியல் அப்படியே உள்ளே போனது: 0-500 கிராம், 501-1000 கிராம், 1001-2000 கிராம். தராசு முழுக் கிராமில் காட்டியவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் தராசை மாற்றினார்கள், புதியது ஒரு தசம இடமும் காட்டியது. 500.4 கிராமில் ஒரு பார்சல் வந்தது. 500-க்கு மேலே, 501-க்குக் கீழே, எந்தப் படியிலும் சேரவில்லை, தொகை 0 ரூபாய் என்று ரசீது அடித்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு அதைக் கையால் திருத்தியிருக்கிறார். பார்க்காமல் போனவை எத்தனை என்று மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது. பட்டியல் போட்டவர் மேல் தப்பே இல்லை, அவர் முழு எண்ணை மனதில் வைத்து எழுதினார். அந்த நினைப்பு அவர் எழுதிய எழுத்தில் எங்கும் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, ஓர் இடைவெளியை எழுத்தில் கொடுக்கும்போது மூன்று சங்கதி தெரிய வேண்டும். முனைகள் எவை, அந்த இரண்டு முனையும் உள்ளே சேர்த்தியா இல்லையா, நடுவில் முழு எண்கள் மட்டும்தானா தசமமும் வருமா. 1-10 என்பது முதல் சங்கதியை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் படிப்பவர் ஊகத்துக்கு விடுகிறது. பேச்சில் இது நமக்குச் சிக்கலே இல்லை. "திங்கள் முதல் வெள்ளி வரை கடை திறந்திருக்கும்" என்றால் வெள்ளியும் உண்டு. "ஆறு மணி முதல் எட்டு மணி வரை வகுப்பு" என்றால் சரியாக எட்டு மணிக்கு அடுத்த வகுப்பு தொடங்கலாம், இரண்டும் மோதுவதாக யாரும் நினைப்பதில்லை. இரண்டிலும் அதே "வரை"தான், ஆனால் முதலாவதில் முனை உள்ளே, இரண்டாவதில் வெளியே. நாட்களை எண்ணுகிறோம், நேரத்தை அளக்கிறோம், கேட்பவர் மனம் அந்த வித்தியாசத்தைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. எழுத்தைப் படித்துப் பொருள் பிரிக்கும் புரோகிராமான பார்சருக்கு அந்த மனம் கிடையாது.

சிறுகோட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒரே குறி கழித்தலுக்கும் வருகிறது, குறை எண்ணுக்கும் வருகிறது, இடைவெளிக்கும் வருகிறது. -5--3 என்பதைப் படித்துப் பாருங்கள், மனிதனே ஒரு கணம் நிற்கிறான். வயதுப் பிரிவு 10-12 என்று விரிதாளில் ஒட்டினால் அது தேதியாக மாறிவிடும், அக்டோபரா டிசம்பரா என்பது அந்தக் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. மென்பொருள் பதிப்பு எண்ணில் சிறுகோடு ஏற்கெனவே "வெளியீட்டுக்கு முந்தையது" என்ற பொருளில் வருவதால், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம்மில் இடைவெளி எழுத வேண்டுமென்றால் கோட்டுக்கு இருபுறமும் ஒரு வெற்றிடம் விட்டே ஆக வேண்டும். இணையத்தில் ஃபைல்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்டிடிபியில் ஒரு ஃபைலின் துண்டை மட்டும் கேட்கும்போது 0-499 என்று எழுதினால் இரண்டு முனையும் சேர்த்து 500 பைட் வரும், அதே இடத்தில் -500 என்று எழுதினால் கடைசி 500 பைட். முன்னால் எண் இல்லாவிட்டால் கோட்டின் பொருளே மாறிவிடுகிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் அளவுகள் எழுதுவதற்கு வெளியிட்டிருக்கும் வழிகாட்டி, எண்களுக்கு நடுவே கோடு போடாமல் சொல்லாகவே எழுதச் சொல்கிறது, நம் வழக்கில் "20 டிகிரி முதல் 30 டிகிரி வரை" என்பதுபோல. கழித்தல் குறி என்று மயங்கிவிடக் கூடாது என்பதுதான் அதில் இருக்கும் கவனம்.

கமாவும் அப்படித்தான். யூனிக்ஸில் கட் கட்டளைக்கு 1,5 என்றால் முதல் நெடுவரிசையும் ஐந்தாம் நெடுவரிசையும் மட்டும். பக்கத்திலேயே இருக்கும் செட் கட்டளைக்கு 1,5 என்றால் முதல் வரியிலிருந்து ஐந்தாம் வரி வரை எல்லாம். இரண்டையும் ஒரே வரியில் குழாய் போட்டு இணைத்து எழுதுகிறோம், தினமும்.

உங்கள் நாலாமவரின் 1:10 பற்றி ஓர் எச்சரிக்கை, உங்கள் ஃபைல் யாமல் (அமைப்புகளை எழுதும் ஒரு வடிவம்) என்றால் கட்டாயம் கேட்க வேண்டியது. யாமல் 1.1 விதிப்படி முக்காற்புள்ளி நடுவில் வரும் எண் அறுபதின் அடிமானத்தில் படிக்கப்படும், மணி நிமிடம் மாதிரி. 1:10 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் உள்ளே போய்ச் சேர்வது 70. 2009-இல் வந்த 1.2 இதை எடுத்துவிட்டது, ஆனால் பழைய விதியிலேயே ஓடும் நூலகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இப்போது புள்ளிகள். இதில்தான் நல்ல நல்ல மொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 1970-இல் வந்த பாஸ்கலில் 1..10 என்றால் பத்தும் உள்ளே. பெர்லும் ஹாஸ்கெல்லும் அதையே வைத்துக்கொண்டன. ரூபி அதோடு மூன்று புள்ளியையும் சேர்த்தது: 1..10 பத்தோடு, 1...10 பத்து இல்லாமல். புள்ளி கூடினால் எண் குறைகிறது. 2014-இல் ஸ்விஃப்ட் வந்தபோது முதல் சோதனைப் பதிப்பில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்: இரண்டு புள்ளி பத்து இல்லாமல், மூன்று புள்ளி பத்தோடு. சில வாரங்களிலேயே இரண்டு புள்ளியை விட்டுவிட்டு ..< என்று மாற்றிக்கொண்டார்கள், மூன்று புள்ளி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால் இன்றைக்கு 1...10 என்று ஒரு தாளில் எழுதி நீட்டினால் ரூபிக்காரர் ஒன்பது எண் என்பார், ஸ்விஃப்ட்காரர் பத்து எண் என்பார், இருவருமே சரி. ரஸ்ட்டில் 1..10 ஒன்பது எண். பத்தும் வேண்டுமென்றால் 1..=10, இது 2018-இல் 1.26 பதிப்போடு வந்தது. முன்பு அந்த இடத்தில் மூன்று புள்ளி எழுதுவார்கள், 2021 பதிப்பு விதிகளில் அதைப் பிழை என்றே ஆக்கிவிட்டார்கள், அது நல்ல முடிவு. கோட்லினில் 1..10 பத்து எண், 2023-இல் அவர்களும் ..< குறியை நிரந்தரமாகச் சேர்த்தார்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் முதல் பதிவு வெளியே, கடைசிப் பதிவு உள்ளே, அதாவது வெளியே நிற்பது மற்ற முனை.

இந்த வரலாற்றில் ..< மற்றும் ..= இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. காரணம், முனை உள்ளேயா வெளியேயா என்பது அந்தக் குறியிலேயே தெரிகிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. புள்ளியின் எண்ணிக்கையில் பொருளை ஒளித்துவைத்த இடமெல்லாம் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்கிறார்.

எது உள்ளே, எது வெளியே என்று தேர்ந்தெடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டில் எழுதிய ஒரு சின்னக் குறிப்பில் 2 முதல் 12 வரையான எண்களை நாலு விதமாக எழுதலாம் என்று காட்டி, தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்கிற வடிவமே சிறந்தது என்று வாதாடினார், அதாவது 2 ≤ எண் < 13. இரண்டு முனைகளையும் கழித்தால் எத்தனை எண் என்று நேராக வந்துவிடும். ஒன்று முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும், இடையில் சந்து விழாது. காலி இடைவெளியைக் கூட இயல்பாக எழுதலாம். செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான மெசா மொழியில் நாலு விதத்துக்கும் குறி இருந்ததையும், மற்ற மூன்றையும் பயன்படுத்தியபோது தொடர்ந்து தடுமாற்றமும் பிழையும் வந்ததையும் அந்தக் குறிப்பில் சொல்கிறார். எங்கள் பார்சல் பட்டியலை [0, 500), [500, 1000), [1000, 2000) என்று எழுதியிருந்தால் எந்தத் தராசு வந்தாலும் 500.4 எங்காவது ஒரு படியில் உட்கார்ந்திருக்கும். சரியாக 500 கிராம் எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பதை நிறுவனம்தான் சொல்ல வேண்டும், ஒருவேளை (0, 500], (500, 1000] என்பதே அவர்கள் மனதில் இருந்திருக்கலாம். முக்கியம் என்னவென்றால், அடைப்பைத் திறக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம்.

நம் எழுத்தையே எடுத்துப் பார்க்கலாம். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம், தசம எண்ணில் சொன்னால், 2944-இல் தொடங்கி 3071-இல் முடிகிறது, 3072-இல் தெலுங்கு தொடங்குகிறது. யூனிகோடின் பட்டியல் ஃபைலில் முனைகளுக்கு நடுவே இரண்டு புள்ளி, இரண்டு முனையும் உள்ளே. எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகெக்ஸில் சதுர அடைப்புக்குள் சிறுகோடு, அதிலும் இரண்டு முனையும் உள்ளே. பைத்தானின் ரேஞ்சுக்கோ மேல்முனையாக 3072 கொடுக்க வேண்டும், 3072-லிருந்து 2944-ஐக் கழித்தால் 128, ஒதுக்கிய இடம் சரியாக அவ்வளவுதான். யாராவது பட்டியலைப் பார்த்து ரேஞ்சில் 3071 என்று போட்டால் கடைசி இடம் விட்டுப்போகும், ஆனால் அந்த இடத்தில் இப்போது எழுத்து எதுவும் இல்லை, அதனால் எந்தச் சோதனையிலும் அது அகப்படாது. தமிழ் எண்களில் அகப்படும். ௦ முதல் ௯ வரை 3046-இலிருந்து 3055 வரை இருக்கின்றன. நான் திருத்த எடுத்த ஒரு புரோகிராமில் ரேஞ்ச்(3046, 3055) என்று இருந்தது. ௧௨௩ என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சரியாக வந்திருக்கிறது. ௧௯௪௭ என்று ஆண்டு வந்த இடத்தில் ௯-ஐ மட்டும் எண் இல்லை என்று தள்ளிவிட்டது.

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்கிற இந்தப் பாதி திறந்த வடிவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை இடம், அதைப் பாதி திறந்து எழுதினால் மேல்முனை 256, அந்த 256 பைட்டில் அடங்காது. ரஸ்ட் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டதில் இந்த மாதிரி இடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே ஒரு எண்ணை மட்டும் குறிக்கவும் [5, 5] என்பதே இயல்பு. ஆகவே ஒரே வடிவத்தை எல்லோர் மேலும் திணிக்காமல், எந்த வடிவம் என்று எழுத்திலேயே காட்டுகிற குறி வேண்டும்.

அந்தக் குறி கணிதத்தில் தயாராக இருக்கிறது. ஐஎஸ்ஓ 80000-2 என்ற தரநிலை (அதற்கு முன் 1992-இல் ஐஎஸ்ஓ 31-11) இரண்டு முனையும் உள்ளே இருக்கும் மூடிய இடைவெளிக்கு [1, 10] என்கிறது. திறந்த முனைக்கு இரண்டு வழியை ஏற்கிறது: ஒன்று நாம் பள்ளியில் படித்த வளைந்த அடைப்பு (1, 10), இன்னொன்று பூர்பாக்கி என்ற பொதுப்பெயரில் எழுதிய பிரெஞ்சுக் கணிதக் குழுவிடமிருந்து வந்த ]1, 10[ என்கிற திருப்பிய அடைப்பு. (1, 10) என்பது ஆயத்தொலைவில் ஒரு புள்ளியாகவும் படிக்கப்படும் என்பதால் பிரான்சில் திருப்பிய அடைப்பே பழக்கம், அதில் நியாயமும் இருக்கிறது. கணினிப் பக்கம் வளைந்த அடைப்புதான் நிலைத்துவிட்டது, அதனால் நாமும் அதோடு போவதே நல்லது. தசமத்துக்குக் கமா போடும் ஐரோப்பிய வழக்கம் உங்கள் ஃபைலுக்குள் வர வாய்ப்பு இருந்தால் முனைகளுக்கு நடுவே செமிகோலன் போடுங்கள், இல்லையென்றால் [0,5,1,5] என்பதை யாராலும் பிரிக்க முடியாது.

இந்தக் குறியை எழுத்து வடிவமாகவே ஒழுங்காக ஏற்றுக்கொண்டது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம். 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து வரம்பு என்றே ஒரு தரவு வகை அதில் இருக்கிறது. முழு எண் வகையில் '[1,10]' என்று கொடுத்துத் திரும்பக் கேளுங்கள், [1,11) என்று பதில் வரும். முதல் தடவை பார்க்கிறவர் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். கெடவில்லை. முழு எண்களில் [1,10], [1,11), (0,11), (0,10] நாலும் ஒரே பத்து எண்கள்தான். நாலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டு இடைவெளி சமமா என்று எழுத்தை ஒப்பிட்டே சொல்லலாம். தசம வகையில் அப்படி மாற்றாது, மாற்றவும் கூடாது, ஏனென்றால் அங்கே [1,10] வேறு, [1,11) வேறு. நான் மேலே சொன்ன மூன்றாம் சங்கதியை, முழு எண்ணா தசமமா என்பதை, குறிக்குள் திணிக்காமல் தரவு வகையிடம் விட்டது ரொம்பத் தெளிவான வடிவமைப்பு. [5,) என்றால் மேலே வரம்பில்லை. [5,5) என்றால் காலி. [10,1] என்று தலைகீழாகக் கொடுத்தால் பிழை என்று நிறுத்திவிடும்.

தலைகீழ் விஷயத்தை உங்கள் ஃபைலிலும் முடிவுசெய்தாக வேண்டும், ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கிறார்கள். பைத்தானில் ரேஞ்ச்(10, 1) சத்தமில்லாமல் காலி. மின்னஞ்சலுக்கான ஐமேப் நெறிமுறையில் 4:2 என்றாலும் 2:4 என்றாலும் ஒன்றே. ஆர் மொழியில் 10:1 என்றால் பத்திலிருந்து கீழே இறங்கி எண்ணும், அதனால் காலிப் பட்டியலுக்கு 1 முதல் அதன் நீளம் வரை என்று எழுதும்போது 1:0 ஆகி, 1, 0 என்று இரண்டு தடவை சுற்றிவிடுகிறது. அந்த மொழியில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள். போஸ்ட்கிரஸ் வழியே என் தேர்வு, தலைகீழாக வந்தால் நிறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

தரநிலை என்று தேடினால் ஐட்ரிபிள்ஈ 1788 என்பதும் கண்ணில் படும், 2015-இல் வந்தது. அது இடைவெளிக் கணக்கீட்டுக்கானது, அதாவது ஒரு அளவு துல்லியமாகத் தெரியாது, இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக் கணக்கு போடுவது. எழுத்து வடிவத்துக்கும் அதில் விதி இருக்கிறது, [1.2, 3.4] என்றும் எழுதலாம், 3.56?1 என்று எழுதினால் 3.55 முதல் 3.57 வரை என்று பொருள். 0.1 இரும எண்ணில் சரியாக அடங்காது என்பதால், படிக்கும்போது கீழ்முனையைக் கீழேயும் மேல்முனையை மேலேயும் தள்ளிவைக்கச் சொல்கிறது, உண்மையான மதிப்பு எப்படியும் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக. அருமையான வேலை. ஆனால் அதில் முனைகள் எப்போதும் மூடியவை, உங்கள் தேவை வேறு.

மென்பொருள் நூலகங்களைத் தருவிக்கும் மாவெனும் நூகெட்டும் பதிப்பு எண்களுக்கு இதே [1.0,2.0) குறியைத்தான் எடுத்துக்கொண்டன, அடைப்பே இல்லாமல் 1.0 என்று எழுதினால் என்ன பொருள் என்பதில்தான் பிரிகின்றன: நூகெட்டுக்கு 1.0 அல்லது அதற்கு மேல் எதுவும், மாவெனுக்கு 1.0 இருந்தால் நல்லது என்கிற விருப்பம். மாவெனில் 2.0-இன் பீட்டா (சோதனைப் பதிப்பு) வரிசையில் 2.0-க்கு முன்னால் நிற்பதால், [1.0,2.0) என்று எழுதி 2.0-ஐத் தடுத்துவிட்டதாக நினைத்தவர் வீட்டுக்குள் அந்த பீட்டா வந்துவிடும். அடைப்பு சரியாக இருந்தாலும், எதற்கு முன் எது என்ற வரிசை தெரியாவிட்டால் இடைவெளி தெரியாது.

இந்தக் குறிக்குக் குறைகளும் உண்டு. சதுரத்தில் திறந்து வளைவில் மூடுவதை எடிட்டர்கள் பிழை என்று சிவப்பாகக் காட்டும். யாமலில் [ என்று தொடங்கினால் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு ) வந்ததும் தடுமாறும், அதனால் எப்போதும் மேற்கோளுக்குள் "[1, 10)" என்றே எழுத வேண்டும், கட்டளை எழுதும் ஷெல்லிலும் அப்படியே. ஜேசன் (புரோகிராம்கள் தரவைப் பரிமாறும் வடிவம்) ஃபைலாக இருந்து, அதை மனிதர்கள் அதிகம் தொடமாட்டார்கள் என்றால், இடைவெளியை எழுத்துச் சரமாக எழுதவே வேண்டாம், கீழ்முனை, மேல்முனை, முனை சேர்த்தியா என்று தனித்தனிப் புலமாக வையுங்கள். ஜேசன் ஃபைலில் என்ன இருக்கலாம் என்று விதிக்கும் ஜேசன் ஸ்கீமா அப்படித்தான் செய்கிறது. முதலில் முனை வெளியே என்பதற்கு ஆம்/இல்லை என்று ஒரு கொடி வைத்திருந்தார்கள், ஆறாம் வரைவிலிருந்து அந்த இடத்தில் எண்ணையே நேராக எழுத வைத்துவிட்டார்கள்.

திரையில் காட்டுவது தனி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டி நிகழ்வுகளைப் பரிமாறும் ஐகேலண்டர் ஃபைலில் முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி வெளியே நிற்கும். பொங்கல் விடுமுறை ஜனவரி 14, 15, 16 என்றால் உள்ளே முடிவு 17 என்றுதான் இருக்கும், பார்ப்பவருக்கு 14 முதல் 16 வரை என்று காட்ட வேண்டும். ஃபைலில் இருப்பதை அப்படியே திரையில் கொட்டினால் விடுமுறை ஒரு நாள் கூடிவிடும். மரபணுத் தரவிலும் இதே கதை: ஒரு குரோமோசோமின் முதல் 100 எழுத்துகள் பெட் ஃபைலில் 0, 100 என்றும், ஜிஎஃப்எஃப் ஃபைலில் 1, 100 என்றும் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தொடக்கத்தை மட்டும் தொட வேண்டும், முடிவைத் தொடக் கூடாது.

உங்கள் ஃபைலுக்கு நான் எழுதும் விதி இவ்வளவுதான். மேற்கோளுக்குள் அடைப்போடு மட்டும், அடைப்பு இல்லாத இடைவெளியைப் பார்சர் ஏற்கக் கூடாது. வரம்பில்லாத பக்கம் வெறுமையாக, அந்தப் பக்கம் எப்போதும் வளைந்த அடைப்பு. முழு எண்ணா தசமமா என்பது ஒவ்வொரு புலத்தின் விளக்கத்திலும் ஒரே ஒரு தடவை. பழைய ஃபைல்களில் 1-10 என்று இருப்பவற்றைப் புரோகிராமை விட்டு மாற்றாதீர்கள், எழுதியவரைக் கூப்பிட்டு "பத்து உள்ளேயா?" என்று கேட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒருநாள் வேலை. சோதனைக்கு 0, 1, 10, 11 என்ற நாலு எண்ணையும், தசமம் வரக்கூடிய புலமாக இருந்தால் 10.4-ஐயும் கொடுத்துப் பாருங்கள்.